அண்ணன் பல்லும் டைனோசர் பல்லும்

யாராவது சிரித்தால் நான் முகத்தைப் பார்ப்பதில்லை, பல்லைப் பார்ப்பேன். தொழில் புத்தி அப்படி. கல்மண்டபத்தில் ஐஸ் உடைக்கும் கடைக்கு மேலே ஒரு சின்ன அறையில் பல் செட் செய்து கொடுப்பது என் வேலை. டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். நான் அந்த அச்சில், காய்ந்தால் கல்லாக இறுகும் சுண்ண மாவைக் கரைத்து ஊற்றி, வாயின் நகலை எடுத்து, அதற்குப் பொருந்தப் பல் வரிசை கட்டி, பாலிஷ் போட்டுத் திருப்பி அனுப்புவேன். தண்டையார்பேட்டையிலிருந்து எண்ணூர் வரைக்கும் எத்தனையோ பேர் என் கைப்பல்லால் கறி கடிக்கிறார்கள். டாக்டர் கட்டிய பல் என்றுதான் ஊரில் சொல்லிக்கொள்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும், எனக்கு அதில் வருத்தம் இல்லை. என் வருத்தம் வேறு.

என் அண்ணனின் பல்லைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். கூடவே ஒரு டைனோசரின் பல்லும் வரும். அதைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. இரண்டையும் ஒரே மேஜையில் வைத்துப் பார்த்தவள் நான் என்பதால் நானேதான் சொல்லியாக வேண்டும்.

எங்கள் அப்பா காசிமேட்டிலிருந்து விசைப்படகில் போனவர். ஒரு புயலில் மாட்டிக்கொண்டு, செத்துவிட்டார் என்று வீட்டில் அழுது முடித்த பிறகு திரும்பி வந்தார். அதோடு மகனைக் கடலுக்கு அனுப்புவதில்லை என்று முடிவெடுத்துவிட்டார். கரை வேலைதான் பத்திரம் என்று யார் யார் காலையோ பிடித்து அண்ணனை ஓர் உர ஆலையில் சேர்த்தார். சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட்டைத் தாண்டி, லாரிகள் போய்ப் போய்ப் பள்ளமான ரோட்டின் கடைசியில் இருந்தது அந்த ஆலை. பெரிய கம்பெனி ஒன்றும் இல்லை. பெயரைச் சொன்னால் பக்கத்துத் தெருக்காரனுக்கே தெரியாது. ஆட்கள் எல்லோரும் கான்ட்ராக்ட்தான். அப்பா கண்ணை மூடும்வரைக்கும் தன் பிள்ளையைப் பத்திரமான இடத்தில் விட்டுவிட்டதாக நம்பிக்கொண்டிருந்தார்.

அந்த ஆலைக்கு மொராக்கோவிலிருந்து கப்பலில் பாஸ்பேட் கல் வரும். கல் என்று பேர், பார்த்தால் பழுப்பு மணலும் கட்டியும்தான். துறைமுகத்திலிருந்து லாரியில் வந்து யார்டில் மலையாகக் குவியும். அதைச் சலித்து, அரைத்து, ஆசிட்டில் கலந்தால் உரம். அந்த மணல் ஒரு காலத்தில் கடலுக்கு அடியில் கிடந்ததாம். அதனால் சலிக்கும்போது சல்லடையில் பல் தங்கும். சுறாப் பல். கணக்கே இல்லாமல் தங்கும். யார்டில் வேலை செய்தவர்களில் பாதிப்பேர் எங்கள் பக்கத்து மீன்காரத் தெருக்களைச் சேர்ந்தவர்கள். சுறாப் பல்லை அவர்களுக்கு யாரும் அடையாளம் காட்ட வேண்டியதில்லை.

பல் முளைக்கும் குழந்தைக்கு அரைஞாண் கயிற்றில் ஒரு சுறாப் பல்லைக் கட்டிவிட்டால் பல் உறுதியாக வரும் என்று யார்டில் யாரோ ஆரம்பித்து வைத்தார்கள். கொஞ்ச காலத்தில் அது வழக்கமாகவே ஆகிவிட்டது. ராயபுரத்தில் குழந்தை பிறந்தாலும் திருவொற்றியூரில் பிறந்தாலும் அண்ணனிடம் சொல்லி வைப்பார்கள். அவனும் பாக்கெட்டில் போட்டு எடுத்து வந்து கொடுப்பான். அந்த வழக்கத்துக்கு ஒரு சட்டமும் இருந்தது. பல்லின் முனை கூராக இருக்க வேண்டும். மொட்டைப் பல்லைக் கட்டினால் குழந்தைக்கும் மொட்டையாகத்தான் வரும் என்று பயம். மொட்டையாக எது கிடைத்தாலும் திருக்கைப் பல் என்று சொல்லித் திரும்ப அரவைக்கே எறிந்துவிடுவார்கள். திருக்கை மீனின் வாய்க்குள் அம்மி மாதிரி தட்டையான பல் இருக்கும், அதைப் பார்க்காத மீன்காரன் கிடையாது. கடல் மணலில் கிடைப்பது மீன் பல்தான் என்பதில் அவர்களில் ஒருவருக்கும் சந்தேகம் வந்ததில்லை. தரையில் தழை மேய்ந்த ஒரு பிராணி செத்து, ஆற்றோடு அடித்துக்கொண்டு கடலுக்கு வந்து சேர்ந்திருக்கும் என்று எந்த மீன்காரன் நினைப்பான்? எத்தனை பல் இப்படி ஆசிட்டில் கரைந்து திண்டிவனம் பக்கத்து மணிலாக் கடலைப் பயிருக்கு உரமாகப் போனதோ தெரியாது.

அப்படி எறிய வேண்டிய ஒன்றை எறியாமல் அண்ணன் ஒருநாள் எனக்குக் கொண்டுவந்து கொடுத்தான். கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது. திருக்கைப் பல், கிழடுகளுக்குக் கட்டுகிற செட்டுக்கு ஆகும், வைத்துக்கொள் என்று கிண்டல் வேறு. நான் வாங்கி ஜன்னல் ஓரத்தில் வைத்தேன். வேலைக்கு நடுவில் அவ்வப்போது எடுத்துப் பார்ப்பேன். ஒரு பக்கம் கருப்பும் பழுப்புமாக மினுமினுத்தது, நடுவில் மேலிருந்து கீழாக ஒரு வரப்பு ஓடியது. கடிக்கிற பக்கம் சாய்வாகத் தேய்ந்து வழவழவென்று இருந்தது. எதிர்ப்பல்லோடு உரசி உரசித் தேய்ந்த பல் அப்படித்தான் இருக்கும், அந்தத் தேய்மானத்தை நான் தினமும் பார்க்கிறவள். நன்றாக மென்று தின்ற மீன் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அதற்குமேல் யோசிக்க எனக்கும் தோன்றவில்லை, நானும் மீன்காரன் மகள்தானே.

அப்போது அண்ணனை யார்டிலிருந்து மிக்ஸர் மேடைக்கு மாற்றிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. யார்டுக்குச் சாப்பாட்டு நேரத்தில் நண்பர்களைப் பார்க்கப் போவதோடு சரி. மிக்ஸர் மேடை என்பது கல் பொடியும் ஆசிட்டும் சேரும் இடம். சேர்ந்ததும் குபுகுபுவென்று புகை கிளம்பும். மூக்குக்கும் வாய்க்கும் கட்டிக்கொள்ள ஒரு துணி கொடுப்பார்கள். ஆனால் அந்த இரைச்சலில் பக்கத்தில் நிற்பவனிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமென்றால் துணியை இறக்கிவிட்டுக் கத்த வேண்டும். என் அண்ணன் பேசாமல் இருக்கிற ஆள் இல்லை. வால்வைத் திற, மூடு என்பதையே பாட்டாகக் கத்துவான் என்று அவனோடு வேலை செய்தவர்கள் சொல்வார்கள். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மேலுதடு குட்டை. வாயை மூடியிருந்தாலே முன்பல் கொஞ்சம் தெரியும், பேசினால் முழுதும் தெரியும். ஆசிட் காற்று வந்து படிய அந்த இடம் போதும்.

நான் தொழில் கற்றுக்கொண்ட காலத்தில் அச்சு எடுத்துப் பழக எனக்குக் கிடைத்த வாய் அண்ணனுடையதுதான். வாய் நிறையப் பசையோடு, கண்ணில் நீர் வழிய, அசையாமல் உட்கார்ந்திருப்பான். அவன் பேசாமல் இருந்து நான் பார்த்தது அப்போதுதான். அதற்குப் பிறகும் அவ்வப்போது எடுத்தேன். செட் டெலிவரி ஆனதும் மாவு நகலை உடைத்துப் போட்டுவிடுவது எங்கள் வழக்கம், இல்லையென்றால் அறையில் கால் வைக்க இடம் இருக்காது. அண்ணனுடையதை மட்டும் நான் உடைக்கவில்லை. அவற்றை வரிசையாக வைத்தால் நடந்தது சின்னக் குழந்தைக்கும் புரியும். முன்பற்கள் முதலில் விளிம்பில் மெலிந்தன, பிறகு குட்டையாயின, கடைசியில் ஈறோடு ஒட்டிய கட்டைகளாக நின்றன. கன்னத்துக்குள் இருந்த கடைவாய்ப் பற்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அரிப்பு எங்கே முடிகிறது என்று பார்த்தால் உதடு மூடுகிற இடத்தில் முடிகிறது. உதட்டுக்கு வெளியே தெரிந்ததெல்லாம் போயிற்று, உதட்டுக்குள் இருந்ததெல்லாம் தப்பியது. பாக்குப் போடுகிறவனின் பல் இப்படிப் போகாது. பாக்கு கடைவாயைத் தேய்க்கும், கறை ஏற்றும். அந்த மாதிரி வாய்க்குத்தான் நான் பாதி நாள் செட் கட்டுகிறேன், எனக்குத் தெரியாதா?

ஆலைக்கு ஒருநாள் மருத்துவ முகாம் வந்தது. ஒரு வேன், ஒரு டாக்டர், ஒரு டார்ச். ஆட்களை வரிசையில் நிற்க வைத்து, வாயைத் திற, மூடு, அடுத்த ஆள் வா என்று நடந்திருக்கிறது. அண்ணன் முறை வந்ததும் பாக்கா, புகையிலையா என்று டாக்டர் கேட்டிருக்கிறார். இரண்டும் இல்லை என்று இவன் சொல்ல, அவர் சிரித்துவிட்டு, பாக்கு புகையிலைப் பழக்கம் என்று எழுதிவிட்டார். என் அண்ணன் பீடாகூடப் போட்டதில்லை. கல்யாண வீட்டில் தாம்பூலம் கொடுத்தால் அப்படியே அண்ணியிடம் நீட்டிவிடுவான். கெட்ட பழக்கத்தால் உடம்பைக் கெடுத்துக்கொண்டவனை வைத்து வேலை வாங்க முடியாது என்று கான்ட்ராக்டர் அவனை வெளியே அனுப்பிவிட்டார்.

இதற்கு அப்பீல் உண்டு என்று யூனியன்காரர் சொன்னார். மருத்துவக் குழு ஒன்று பார்க்கும். வேலையால் வந்த கேடு என்று அவர்கள் எழுதிவிட்டால் ஆலையிலேயே வேறு இடத்தில் வேலை கொடுத்தாக வேண்டும். அண்ணன் எழுதிப் போட்டான். குழு எழுதப்போகும் அந்த ஒரு வரியில்தான் அவன் பிழைப்பு இருந்தது. பிழைப்பைவிட, புகையிலை போட்டுப் பல்லைத் தொலைத்தவன் என்ற பேர்தான் அவனைப் போட்டு வதைத்தது. டீக்கடையில் யாராவது பாக்கு வேணுமா என்று விளையாட்டாகக் கேட்டால்கூடச் சண்டைக்குப் போய்விடுவான்.

எனக்கு வேலை கொடுக்கும் பல் டாக்டர் ஒருவரிடம் அவனைக் கூட்டிப்போனேன். அவர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், கிளினிக் கல்மண்டபத்திலேயே. கட்டைகளை எடுத்துவிட்டு செட் வைத்துவிடலாம், வலியும் போகும், சீழ் பிடிக்கிற பயமும் இருக்காது என்றார். சாட்சிக்கு மாவு நகல்கள்தான் என்னிடம் இருக்கின்றனவே என்று நானும் நினைத்தேன். அண்ணன் சம்மதித்தான். ரொம்ப வெள்ளையாக வைக்காதே, சினிமாக்காரன் என்று நினைத்துக்கொள்ளப் போகிறார்கள் என்று அவனே நிறம் சொன்னான். நாளும் குறித்தாயிற்று.

அந்த வாரம்தான் டாக்டர், யாருக்கோ செட் தாமதமானதற்குச் சத்தம் போட மாடி ஏறி வந்தார். சத்தம் போட்டபடியே ஜன்னலில் இருந்த பல்லைக் கையில் எடுத்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். இது என்ன என்று கேட்டார். திருக்கைப் பல் என்றேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. செல்லில் படம் எடுத்து, கல்லூரியில் நிலவியல் நடத்தும் தன் நண்பர் ஒருவருக்கு அனுப்பினார். அந்த ஞாயிற்றுக்கிழமையே நண்பர் நேரில் வந்து நின்றார்.

ஒல்லியான மனிதர், மெதுவான குரல். ஐஸ் கடை ஈரத்தில் வழுக்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறி வந்தார். பையிலிருந்து பஞ்சு வைத்த ஒரு டப்பாவையும் லென்ஸையும் எடுத்து வைத்தார். அண்ணன் அன்று எனக்கு மீன் வாங்கி வந்து கொடுத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். பேராசிரியர் பல்லைப் பஞ்சின் மேல் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். நான் போட்டுக்கொடுத்த டீ ஆறிப்போயிற்று.

பிறகு சொல்ல ஆரம்பித்தார். இது மீன் இல்லை, டைனோசர். தழை தின்னும் வகை, வாய் வாத்து அலகு மாதிரி இருக்கும். ஏழு கோடி ஆண்டுகள் பக்கம் ஆகியிருக்கும். தாடையில் இந்த மாதிரிப் பற்கள் அடுக்கடுக்காக நெருக்கிக்கொண்டு நிற்கும், தேய்ந்தது விழ விழ அடியிலிருந்து அடுத்தது ஏறி வரும், ஆயுசு முழுக்கப் பல்லுக்குப் பஞ்சமில்லை. இந்தச் சாய்வைப் பார்த்தால் மேல்தாடையும் கீழ்த்தாடையும் எப்படி உரசின என்று தெரிகிறது. இந்தக் கீறல்கள், லென்ஸில் பாருங்கள், நாரும் மண்ணும் போட்டவை. தரையை ஒட்டி வளர்ந்த முரட்டுத் தழையைத் தின்றிருக்க வேண்டும். கூர்ப் பல்லுக்குத்தான் எல்லோரும் ஆசைப்படுகிறார்கள், ஆனால் மொட்டைப் பல்லில்தான் அது வாழ்ந்த வாழ்க்கை பதிந்திருக்கிறது என்றார். எந்த மண் அடுக்கில் கிடந்தது என்று தெரியாததால் ஆராய்ச்சிக்குப் பெரிதாக உதவாது, ஆனாலும் மாணவர்களுக்குக் காட்டப் பொக்கிஷம் என்றார். இத்தனை வருஷம் மொட்டைப் பல்லை அரவைக்கு எறிந்த என் அண்ணன் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

நான் அலமாரியிலிருந்து அவன் மாவு நகல்களை எடுத்து அந்தப் பஞ்சு டப்பாவுக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்தேன். இது இவருடைய வாய், இதற்கு என்ன ஆயிற்று என்று சொல்லுங்கள் என்றேன். அவர் மரியாதைக்கு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். பிறகு, "எனக்கு மனுஷப் பல்லு தெரியாதும்மா. நான் சொன்னா அது எங்கயும் செல்லாது" என்றார். அது உண்மைதான். அவர் மேல் தப்பு ஒன்றும் இல்லை. ஆனாலும் எனக்குக் கோபம் வந்தது, இன்றைக்கும் அது தீரவில்லை. மண்ணாகிப்போன பிராணி என்ன மென்றது என்று சொல்லத் தெரிந்தவருக்கு, எதிரே ஸ்டூலில் இருந்தவனின் வாயைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லையே என்று இருந்தது.

பல்லைக் கல்லூரிக்குத் தர முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். எடுத்துக்கொள்ளுங்கள் என்று அண்ணன் உடனே சொல்லிவிட்டான். அவர் டப்பாவை மூடி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு படி இறங்கினார். அவர் போன பிறகும் அண்ணன் ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை.

"பாப்பா, செத்து மண்ணாப் போனத்தோட பல்லப் பாத்து, அது இன்னா துன்னுச்சுனு சொல்றாரு" என்றான். "நான் உசுரோட கீறேன். என் பல்லப் பாத்து எங்க வேல செஞ்சேன்னு சொல்ல மாட்டாங்களா? மாவுல கீறது மாவுதான். இது வாயில கீற வரைக்கும்தான் சாட்சி. புடுங்க வேணாம்."

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். டாக்டரும் சொன்னார், திட்டியும் பார்த்தார். கட்டைகளுக்குள் நரம்பு திறந்து கிடக்கிறது, இப்படியே விட்டால் சொத்தை ஏறும், சீழ் பிடிக்கும் என்றார். அண்ணன் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, குழு பார்க்கட்டும் என்றான். மாத்திரை மட்டும் எழுதி வாங்கிக்கொண்டான்.

குழு அத்தனை சீக்கிரம் பார்த்துவிடுமா? லெட்டர் வரும், போவான், டாக்டர் லீவு என்பார்கள். மறுபடி லெட்டர் வரும், ஃபைல் வரவில்லை என்பார்கள். இன்னொரு தடவை எல்லோரும் வந்திருந்தார்கள், தலைமை டாக்டர் மாறிப்போயிருந்தார், அதனால் முதலிலிருந்து விண்ணப்பம். இதற்கு நடுவில் அண்ணன் குழம்பில் ஊறவைத்த இட்லியும் கஞ்சியுமாக நாளை ஓட்டினான். டீயை ஆற வைத்துத்தான் குடிப்பான். துறைமுகப் பக்கத்துக் காற்று கொஞ்சம் குளிர்ந்து அடித்தாலே பல்லில் சுரீர் என்று இழுக்கும், அதனால் வாயைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொள்வான். மிக்ஸர் மேடையில் துணி கட்டாத மனிதன் ரோட்டில் துண்டு கட்டிக்கொண்டு நடந்தான். சில நாள் கன்னம் வீங்கிக் கண் மறைந்துவிடும். பேச்சு குறைந்தது. இரைச்சலை மீறிப் பாடியவன் அண்ணிகூடக் கூப்பிட்டால்தான் ஏன் என்பான்.

அண்ணன் பெண்ணுக்குக் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் திருவொற்றியூர். ஒரு தகப்பன் இப்படிக் கட்டைப் பல்லோடு வாசலில் நின்று வரவேற்றால் என்ன பேசுவார்கள் என்று அண்ணி என்னிடம் வந்து அழுதாள். ஏற்கெனவே புகையிலைப் பேச்சு அவர்கள் காதுக்குப் போயிருந்தது. அவன் செட்டுக்காக மெழுகில் நான் அடுக்கி வைத்த பல் வரிசை அப்படியே அலமாரியில் இருந்தது. ஒரு வாரத்தில் முடித்துவிடலாம், கல்யாணத்துக்காவது வைத்துக்கொள் என்று கெஞ்சினேன்.

"புடுங்கினதுக்கு மறுநாளே லெட்டர் வந்துச்சின்னா இன்னா பண்ணுவ?" என்றான்.

கல்யாண ஆல்பத்தில் எல்லாப் படத்திலும் அண்ணன் வாயை இறுக்க மூடிக்கொண்டு நிற்கிறான். மகள் கல்யாணத்தில் யாரோடோ கோபித்துக்கொண்ட மாதிரி இருக்கும், தெரியாதவர்கள் பார்த்தால். அந்த ஆல்பத்தை இப்போதும் என்னால் நிதானமாகப் புரட்ட முடிவதில்லை.

கல்யாணம் முடிந்த கொஞ்ச நாளில் பேராசிரியர் கூப்பிட்டார், பல்லைக் காட்சிக்கு வைத்திருக்கிறோம், வந்து பாருங்கள் என்றார். பஸ் பிடித்துப் போனோம். கல்லூரி மாடியில் ஒரு அறை. கண்ணாடிப் பெட்டிக்குள் கருப்புத் துணி விரித்து, அதன் மேல் அந்தப் பல், அதற்கென்று தனியாக ஒரு விளக்கு. பின்னால் அந்தப் பிராணி குனிந்து தழை மேய்வது போல ஒரு படம். பக்கத்தில் ஓர் அட்டையில், தாவர உண்ணி, பல்லின் தேய்மானம் உணவைக் காட்டுகிறது, இறக்குமதிச் சரக்கில் கிடைத்தது என்று எழுதியிருந்தது. யார் கையில் கிடைத்தது என்று இல்லை. மாணவர்கள் அதனோடு நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு கண்ணாடியோடு ஒட்டி நின்ற அண்ணனை, தள்ளி நின்று பார்க்கச் சொன்னார் வாட்ச்மேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அண்ணன் தள்ளி நின்றுகொண்டு அட்டையை எழுத்துக் கூட்டி முழுதும் படித்தான். சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள் என்று திருப்தியாகச் சொன்னான். திரும்பி வரும்போது பஸ்ஸில் கொஞ்சம் பேசவும் செய்தான். படித்தவர்கள் பார்த்தால் தெரிந்துவிடும் என்று அவனுக்கு நிச்சயமாகிவிட்டது.

குழு ஒருவழியாகக் கூடியது. அண்ணன் முகம் மழித்து, மகள் கல்யாணத்துக்கு எடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தான். நான் மாவு நகல்களைப் பழைய புடவைத் துணியில் சுற்றி ஒரு பையில் எடுத்துப் போனேன். காலையிலிருந்து உட்கார்ந்திருந்து, சாப்பாட்டு நேரம் தாண்டிக் கூப்பிட்டார்கள். மேஜைக்குப் பின்னால் டாக்டர்கள். நடுவில் இருந்தவர் எழுந்து வந்து டார்ச் அடித்துப் பார்த்தார். பல்லைவிட அண்ணன் வாய் நாற்றம்தான் அவரை முதலில் எட்டியது, தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். எத்தனை நாளாக இப்படி இருக்கிறது என்று கேட்டார். அண்ணன் ஒளிக்காமல் சொன்னான். இத்தனை நாள் ஏன் பல் டாக்டரிடம் காட்டவில்லை என்று கேட்டார்.

"உங்களுக்குக் காட்டணும்னுதான் சார் புடுங்காம வெச்சிகினு கீறேன்" என்றான் அண்ணன்.

டாக்டர் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். யாரோ லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. நான் பையைப் பிரித்து நகல்களை மேஜையில் வைத்தேன். உதட்டு ஓரத்தில் அரிப்பு நிற்பதை விரல் வைத்துக் காட்டினேன். இதை யார் எடுத்தது என்றார்கள். நான் என்றேன். நீங்கள் யார் என்றார்கள். தங்கை என்றேன். சொந்தக்காரர்கள் வீட்டில் செய்து கொண்டுவருவதெல்லாம் ஃபைலில் சேராதம்மா, எடுத்துக்கொண்டு போங்கள் என்றார்கள். மறுபடி அவசரமாகத் துணியில் சுற்றியதில் ஒன்றில் விளிம்பு உடைந்தது. வாய்க்கு வந்தபடி நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அண்ணன் என் முந்தானையைப் பிடித்து இழுத்ததால் விட்டேன்.

முடிவு தபாலில் வந்தது. நீண்ட காலம் சிகிச்சை பெறாமல் அலட்சியமாக விடப்பட்டதால் பற்கள் சிதைந்துள்ளன, தொழில்தான் காரணம் என்று உறுதி செய்ய இயலவில்லை. அவ்வளவுதான். அவர்கள் பொய் எழுதிவிட்டார்கள் என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. காத்திருந்த காலத்தில் கட்டைகளில் சொத்தை ஏறி, சீழ் பிடித்து, நான் மாவில் பார்த்த அந்தக் கோடு வாயில் அழிந்துபோயிருந்தது. சாட்சி என்று அவன் வலியோடு காத்து வைத்ததே அவனுக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டது. அலட்சியம் என்ற வார்த்தையை அண்ணன் என்னை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டான். அப்புறம் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, டாக்டரிடம் நாள் வாங்கச் சொன்னான்.

கிளினிக்கில் நான் கூடவே நின்றேன். டாக்டர் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்து, ஒவ்வொரு கட்டையாகப் பெயர்த்து எடுத்தார். எவ்வளவு எளிதாக வந்துவிட்டன. ஒவ்வொன்றும் எவர்சில்வர் தட்டில் விழும்போது டிங் என்று சத்தம் கேட்டது, அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அண்ணன் கண் தட்டுப் பக்கம் போனது. எடுத்து முடித்ததும் டாக்டர் பஞ்சை மடித்து ஈறில் வைத்து, நன்றாகக் கடித்துக்கொள்ளச் சொன்னார். உதவிக்கு இருந்த பெண் தட்டை எடுத்துக்கொண்டு மூலையில் இருந்த மஞ்சள் கவர் பக்கம் போனாள். அண்ணன் நாற்காலியிலிருந்து எழுந்து, அதைத் தா என்பதுபோலக் கையை நீட்டினான்.

டாக்டருக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. புரிந்ததும் சங்கடமாகச் சிரித்தார். "தரக் கூடாதுண்ணே. வாயில இருந்து எடுத்தா அது மருத்துவக் கழிவு. மஞ்சக் கவர்ல கட்டி வண்டிக்காரங்ககிட்டக் குடுத்துரணும், ரூல் அப்படி" என்றார்.

அந்தப் பெண் தட்டைக் கவிழ்த்துக் கவரின் வாயை முடிச்சுப் போட்டாள். அண்ணன் பஞ்சைக் கடித்தபடியே நின்றான், நீட்டிய கையை மடக்கவே இல்லை.